செடி இல்லாத ஒன்பது கப்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. நிச்சயம் வரும். ஆனால் கடைசியில்தான் வரும். நடுவில் எங்கேயாவது உங்களுக்குச் சிரிப்பு வந்தால் அது உங்கள் சொந்தச் சிரிப்பு. நான் சொன்னது அதில்லை.

ஓசூர் தாண்டி, தளி போகிற ரோட்டில் இருக்கிறது சித்தி வேலை பார்க்கிற ஷெட். லேபில் பாட்டிலுக்குள் பிறந்த செடிகளை வெளியே வாழப் பழக்குகிற இடம். சித்தி பெயர் அங்கயற்கண்ணி. நாற்பது வயது. பாட்டில் செடியைப் பிழைக்கவைப்பதில் அந்த வட்டாரத்தில் அவளுக்குத்தான் பெயர். பதினொன்றாம் வகுப்பு லீவுக்கு நான் அங்கே போயிருந்தேன்.

ஷெட்டுக்குள் ஒரு பனி அறை உண்டு. மேலே குழாய்களிலிருந்து நாள் முழுக்கப் புகைபோலத் தண்ணீர் இறங்கும். கதவைத் திறந்தால் ஈரம் ஓடிவிடும் என்பதால் சித்தியும் நானும் தவிர யாரும் உள்ளே வரக் கூடாது. கேள்வி கேட்க வருகிறவர்கள் முன்பக்கம் தொங்கும் பிளாஸ்டிக் திரைக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து கேட்பார்கள். திரை எப்போதும் வியர்த்து வெள்ளையாக இருக்கும். இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஆள் தெரியாது. குரல் மட்டும்தான்.

சித்தியின் குரலைப் போலப் பேசுவது ரொம்பச் சுலபம். ஏற்றம் கிடையாது, இறக்கம் கிடையாது. ஒரு வாக்கியம், ஒரு நிறுத்தம், ஒரு 'ம்'. டீ கொண்டுவரும் ரத்னாக்காவே இரண்டு தடவை ஏமாந்திருக்கிறாள். சித்தியின் சிரிப்பு மட்டும் எனக்கு வராது. ஏனென்றால் நான் கேட்டதே இல்லை.

அந்த மே மாதம் நாகர்கோவில் பக்கத்திலிருந்து பிலவேந்திரன் வந்தார்.

வயது ஐம்பத்தெட்டு. துண்டில் சுற்றிய ஒரு பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு திரைக்கு வெளியே உட்கார்ந்தார்.

"ஆசானே, போன்ல பேசினேம்லா. பிலவேந்திரன்."

"ம்," என்றாள் சித்தி. அன்றைக்கு நிஜச் சித்தி.

"முதல் தடவை அறுபது செடி. ரெண்டு பங்கு தேங்காய் நார்த்தூள், ஒரு பங்கு பெர்லைட்டு, அந்த வெள்ளைப் பொரிக்கல்லுன்னு சொன்னீங்க. அப்படியே செஞ்சேன். அறுபதும் போச்சு."

"ம்."

"ரெண்டாவது தடவை கடையில வாங்கின தூளுல நாப்பது. செடி ஆடக் கூடாது, வேரைச் சுத்தி அழுத்தி வைங்கன்னு சொன்னீங்க. அழுத்தி வச்சேன். நாப்பதும் போச்சு."

சித்தி 'ம்' கூடச் சொல்லவில்லை.

"இது கடைசிப் பாட்டில். உள்ள பதினெட்டு இருக்கு. இதுவும் போனா இந்தச் செடி உலகத்துலயே கிடையாது, பாத்துக்கிடுங்க."

அது அலோகேசியா. வீட்டுக்குள் வளர்க்கிற சேம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷத்துக்கு முன்னால் அவர் வேலை பார்த்த லேபில் ஒரு பாட்டிலுக்குள் ஒரே ஒரு இலை பாதி பச்சையும் பாதி வெள்ளையுமாக வந்தது. அதைத் தனியே பிரித்துப் பெருக்கினார். அவர் ஓய்வுபெற்றபோது லேபில் அந்த ரகத்தைக் கழித்துப் போடச் சொல்லிவிட்டார்கள். கடைசிப் பாட்டில்களை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டார். அந்தச் செடி பாட்டிலுக்கு வெளியே ஒரு நாளும் வாழ்ந்ததில்லை.

"முப்பத்தோரு வருஷம் பாட்டிலுக்குள்ள வளத்துருக்கேன் ஆசானே. வளந்ததும் லேப் ஜன்னல் வழியா வெளிய குடுத்துருவோம். வெளிய போய் ஒண்ணு புதுசா இலை விட்டு நான் பாத்தது கிடையாது. இதுல ஒரு இலை பாத்துட்டாப் போதும். எந்தக் கலவைல வைக்கட்டும்? உள்ள வேர் நிக்கிற ஜெல்லு வத்துது. மிஞ்சிப்போனா ரெண்டு வாரம்."

சித்தி, "நாளைக்கு வாங்க," என்றாள்.

மறுநாள் நாலு மணிக்குச் சித்தி, "மேல டேங்க்ல பாசி அடைக்குது, பாத்துட்டு வர்றேன்," என்று பின்கதவு வழியாகப் போனாள். அவள் போனதும் திரைக்கு வெளியே ஸ்டூல் இழுபடும் சத்தம்.

"ஆசானே."

நான் மட்டும்தான் உள்ளே. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ம்."

"கலவை சொல்றேன்னீங்க."

"என்னென்ன கொண்டு வந்திருக்கீங்க?"

"எங்க ஊரு நார்த்தூள். கடையில வாங்கின கழுவின நார்த்தூள். பெர்லைட். உமிக்கரி. மணல். செம்மண்."

"தனியாவும் கலந்தும் ஒன்பது கப் நிரப்புங்க."

"சரி. செடி எதுல?"

"எதுலயும் வேணாம். வெறும் கப்புக்குத் தண்ணி ஊத்துங்க. காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. ஏழு நாள்."

நான் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"செடி இல்லாத கப்புக்கா?"

"ம்."

"ஏழு நாளா?"

"ம்."

பையில் பேனா தேடும் சத்தம்.

"சரி ஆசானே," என்றார்.

செய்தார். நிழல்வலைக்குக் கீழே ஒன்பது கப்பை வரிசையாக வைத்து, எண் ஒட்டி, அளந்து அளந்து தண்ணீர் ஊற்றினார். மூன்றாம் கப்பில் மட்டும் போன தடவை வைத்த மாதிரியே கட்டைவிரலால் அழுத்தி நிரப்பினாராம், ஒப்பிட்டுப் பார்க்க. லேப் ஆள் இல்லையா. தினமும் நாலு மணிக்கு, சித்தி டேங்க்குக்குப் போன பிறகு, திரைக்கு வெளியே வந்து நோட்டைப் படிப்பார். "ஒண்ணாம் கப்பு, ஈரமா இருக்கு. ரெண்டாம் கப்பு, ஈரமா இருக்கு." நான் 'ம்' 'ம்' என்பேன். ரத்னாக்கா டீ வைப்பது கேட்கும். "இந்தாங்க, ரெண்டு." தினமும் இரண்டு தம்ளர். வெறும் கப்புக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர் இரண்டு டீயும் குடிப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

சொன்ன சிரிப்பு இதுவா என்றால், இல்லை. பொறுங்கள்.

ஏழாம் நாள் அவர் நோட்டைப் படிக்கவில்லை.

"ஆசானே. ரெண்டாம் கப்பு. எங்க ஊரு நார்த்தூள் மட்டும் போட்டது. விளிம்புல வெள்ளையா ஏதோ படிஞ்சிருக்கு. எடுத்து நாக்குல வச்சுப் பாத்தேன்."

"ம்."

"கரிக்குது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நல்லவேளை, சித்தியும் பேசமாட்டாள்.

"எங்க பக்கம் தேங்காய்த் தொண்டை, அதான் மட்டையை, காயல் தண்ணில மாசக்கணக்கா ஊறப்போடுவாங்க. உப்புத் தண்ணி. அதை அடிச்சு எடுத்த தூளு இது. நீங்க நார்த்தூள்னு சொன்னதும், வீட்டுப் பின்னால மலை மாதிரி கிடக்குலா, தேங்காய் நாரைப் பத்தி எங்களுக்குச் சொல்லியா குடுக்கணும்னு அள்ளிட்டு வந்துட்டேன்." அவர் குரல் இறங்கியது. "அறுபது பிள்ளைக்கு உப்பைக் கரைச்சு ஊத்திருக்கேன்."

கப்பைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"செடி இருந்திருந்தா செடியைத்தான் பாத்துட்டு இருந்திருப்பேன் ஆசானே. கப்பைப் பாத்திருக்க மாட்டேன்."

வாயைப் பொத்தியிருந்த கை எப்போது இறங்கியது என்று தெரியவில்லை. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் ஒரு தடவை தற்செயலாகப் பலித்துவிட்டால் அடுத்த தடவை இன்னும் பெரிதாகச் செய்யத் தோன்றும்.

"இனிமே தண்ணி ஊத்தினதும் கப்பைக் காதுல வச்சுக் கேளுங்க," என்றேன்.

"என்ன கேக்கணும்?"

"கேட்டாத் தெரியும்."

முதல் நாள், "ஒண்ணும் கேக்கல ஆசானே," என்றார். இரண்டாம் நாளும் அதுதான். ஓசூரில் ஒரு பெரிய மனிதர் பட்டப்பகலில் பிளாஸ்டிக் கப்பைப் போன் மாதிரி காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நினைத்து நினைத்து அடக்கிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அவர் மெல்லப் பேசினார், யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல.

"மணலு சர்ருன்னு ஒரு சத்தம். அதோட தீந்துது. செம்மண்ணுல ஒண்ணும் கேக்கல. அஞ்சாம் கப்பு, கழுவின நார்த்தூளு, உமிக்கரி, பெர்லைட்டு, அழுத்தாம நிரப்பினது. அதுல தண்ணி கீழ சொட்டி முடிஞ்சப்புறம் சின்னதா ஒரு இழுப்பு கேக்குது. விட்டு விட்டு. தண்ணி இறங்கின வழியா காத்து உள்ள போகுது. நாலு நிமிஷம் போச்சு. அது மூச்சு இழுக்குது ஆசானே."

"மூணாம் கப்பு?" என்றேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"நான் அழுத்தி வச்சதா?" என்றார். "அது ஒண்ணும் பேசல. நாப்பது செடியும் மூச்சு முட்டித்தான் போயிருக்கு."

அன்று சாயங்காலம் அவர் லாட்ஜுக்குப் போன பிறகு நான் வெளியே போனேன். ஐந்தாம் கப்பில் தண்ணீர் ஊற்றிக் காதில் வைத்தேன். முதலில் ரோட்டில் போகிற லாரிதான் கேட்டது. பிறகு கேட்டது. ஒரு துளி கீழே இறங்க, ஒரு துளி அளவு காற்று மேலிருந்து உள்ளே நுழைகிற சத்தம். பால் குடித்துவிட்டுத் தூங்குகிற கைக்குழந்தையின் மூக்கருகே காதை வைத்தால் கேட்குமே, அத்தனை சின்னது. 

நான் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தேன். அது கப்புக்குள் இருந்தது.

அதற்குப் பிறகு எனக்குச் சிரிக்க வரவில்லை. உங்களுக்குச் சொன்ன சிரிப்பைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அது பத்திரமாக இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து, அதே நாலு மணி. சித்தி டேங்க்குக்குப் போயிருந்தாள்.

"பாட்டிலைத் திறந்துட்டேன் ஆசானே."

நான் திரைக்கு இன்னும் கிட்டப் போனேன்.

"ஜெல்லு சுருங்கி வேரைப் பிடிக்க ஆரம்பிச்சிருச்சு. இனி நாள் தள்ள முடியாது. வேரைக் கழுவி தண்ணில போட்டிருக்கேன். பதினெட்டு. எதுல வைக்கட்டும்?"

பாட்டிலில் பிறந்த இலைக்குக் காற்று தெரியாது. தாகம் தெரியாது. தண்ணீரை வெளியே விடுகிற வாய்கள் இலை முழுக்க இருக்கும், அவற்றை மூடத் தெரியாது. வெளியே எடுத்துப் பத்து நிமிஷம் விட்டால் உள்ளே இருக்கிற தண்ணீரெல்லாம் போய்விடும். இது எனக்குச் சித்தி சொன்னது. வாயை மூடத் தெரியாத பிள்ளைங்க என்பாள், என்னைப் பார்த்துக்கொண்டே.

"இருங்க," என்றேன்.

பின்கதவைத் தள்ளிக்கொண்டு மேட்டில் ஓடினேன். டேங்க் மூடி பூட்டியிருந்தது. மோட்டார் ஓடவில்லை. சித்தி இல்லை. நாலு பக்கமும் பார்த்துக் கத்தினேன். யாரும் இல்லை. திரும்பி ஓடும்போது சரிந்து விழுந்து முட்டியில் தோல் போனது.

உள்ளே வந்து திரைமுன் நின்றேன். மூச்சு வாங்கியது. நான் அவங்க இல்ல சார் என்று சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். சொன்னால் அவர் எழுந்து சித்தியைத் தேடுவார். பத்து நிமிஷத்தில் பாதி போய்விட்டது.

"எந்தக் கப்புல ரொம்ப நேரம் மூச்சு கேட்டுச்சு?" என்றேன்.

"அஞ்சு."

"தினமுமா?"

"மூணாம் நாள்ல இருந்து தினமும்."

"அப்புறம் ஏன் என்னைக் கேக்கறீங்க?"

அது சித்தி குரலா, என் குரலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வெளியே ஸ்டூல் பின்னால் நகர்ந்தது. பிறகு கப்புகள் நகரும் சத்தம். ஐந்தாம் கலவையில் பதினெட்டு கப் நிரப்பினார். ஒவ்வொரு செடியாக இறக்கினார். அழுத்தலாமா என்று அவர் கேட்கவில்லை. அழுத்தவும் இல்லை என்று சாயங்காலம் போய்ப் பார்த்தபோது தெரிந்தது. ஒவ்வொன்றின் மேலும் பிளாஸ்டிக் தம்ளரைக் கவிழ்த்து மூடினார். நாளைக்கு ஊருக்குத் திரும்பினால் அவர் வீட்டில் பனி அறை கிடையாது, தம்ளர் உண்டு.

அதன்பிறகு தினமும் வந்து கணக்குச் சொன்னார். மூன்றாம் நாள் இரண்டு போனது. ஆறாம் நாள் ஒன்று. வெளிக்காற்று பழகட்டும் என்று தம்ளரை முதலில் தீக்குச்சி கனத்துக்குத் தூக்கிவைத்தார், பிறகு விரல் கனத்துக்கு. அந்த வாரம் நாலு போனது. ஒவ்வொன்றாகச் சொல்லும்போதும் அவர் குரலில் என்மேல் ஒரு குறையும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. விளையாட வந்தவள், இப்போது நாலு மணியானால் அந்த இடத்தைவிட்டு நகர முடியாமல் நின்றேன்.

ஒருநாள் என் சொந்தக் குரலில் சித்தியிடம் கேட்டேன். "நாகர்கோவில் சார் செடி பிழைக்குமா சித்தி?"

"அவரைக் கேளு," என்றாள். டேங்க்குக்குப் போய்விட்டாள்.

மீதி பதினொன்று. அவை போகவில்லை. ஆனால் ஒன்றும் செய்யவுமில்லை. அப்படியே நின்றன, யோசிக்கிற மாதிரி.

இருபத்திநாலாம் நாள்.

"ஆசானே."

"ம்."

"ஒரு கப்புல புது இலை. பாட்டில்ல இருந்து கொண்டு வந்த இலை இல்ல. இங்க விட்டது. பாதி வெள்ளை."

நான் திரையைத் தொட்டுக்கொண்டு நின்றேன். 

"பழைய இலைமேல ஒரு சொட்டு தண்ணி விட்டேன். ஒட்டிக்கிட்டு அப்படியே பரவுது. புது இலைமேல ஒரு சொட்டு விட்டேன்." நிறுத்தினார். "ஒட்டல. முத்து மாதிரி உருளுது. நம்ம வீட்டுக் கிணத்தடிச் சேம்புல உருளும்லா, அதே மாதிரி."

பனிக்குழாய் ஒருமுறை சீறிவிட்டு நின்றது.

"அதும்மேல மெழுகு வந்திருக்கு ஆசானே. பத்து வருஷமா பாட்டில். அதோட பாட்டன் பூட்டன் எல்லாம் பாட்டில். மழையைப் பாத்தது கிடையாது, வெயிலைப் பாத்தது கிடையாது. தோலுக்கு மெழுகு போடணும்னு இதுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

சித்தியின் குரலில் இதற்குப் பதில் இல்லை. தேடிப் பார்த்தேன். எந்தக் குரலிலும் இல்லை.

"சார்," என்று ஆரம்பித்தேன். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்." சித்தியாக ஆரம்பித்த வாக்கியம் பாதியில் பெல்ட் கழன்ற மோட்டார்போல இழுத்து, நானாக முடிந்தது.

வெளியே சிரிப்பு கேட்டது.

முதலில் பிலவேந்திரன். தொண்டையைச் செருமி அடக்கப் பார்த்து, முடியாமல் சிரித்தார். அதன்மேல் இன்னொரு சிரிப்பு. பெண் சிரிப்பு. தாமதமாகத் தொடங்கி, தொடங்கியபின் நிற்கத் தெரியாத சிரிப்பு. ரத்னாக்கா இப்படிச் சிரிக்கமாட்டாள். எனக்குத் தெரிந்த குரல்களையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுப் பார்த்தேன். எதிலும் இது பொருந்தவில்லை.

திரையை விலக்கினேன்.

இரண்டு ஸ்டூல். ஒன்றில் பிலவேந்திரன், மடியில் ஒரு கப். இன்னொன்றில் சித்தி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. அவள் கையில் டீத் தம்ளர். அவள் ஸ்டூலுக்குப் பக்கத்தில் சிமெண்ட் தரையில் தம்ளர் அடித்தடம், வளையம் வளையமாக, ஒரு மாதத்துக்கானது.

"தினமும் ரெண்டு டீ," என்றேன்.

"எனக்குச் சக்கரை மக்களே," என்றார் பிலவேந்திரன். "ஒரு டீயே கூடுதல்."

"டேங்க்?"

"அது மூணு வருஷமாவே அப்படித்தான் அடைச்சுக்கிட்டிருக்கு," என்றாள் சித்தி. "மொத நாள் மட்டும்தான் போகலாம்னு கிளம்பினேன். போற வழில என் குரல் கேட்டுச்சு. சுத்தி வந்து உட்கார்ந்தேன்."

முட்டியில் காய்ந்த புண் இப்போது வலித்தது.

"அப்பவே நிறுத்தியிருக்கலாம்ல சித்தி. பதினெட்டும் போயிருந்தா? எந்தக் கலவைன்னு உனக்குத்தான் தெரியுமே."

சித்தி தம்ளரைக் கீழே வைத்தாள். பிலவேந்திரன் மடியில் இருந்த கப்பில், பாதி வெள்ளை இலைமேல், அந்தச் சொட்டு இன்னும் உருண்டையாக நின்றுகொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நான் சொன்னது ரெண்டு தடவை செத்துப்போச்சுடி. மூணாவது தடவை, நானும் கேக்கத்தான் உட்கார்ந்தேன்."